குங்குமம் வைத்த ஹீற்றர்

சும்மா ஒருவர் ஒன்றைத் தந்தால் நான் தந்த பொருளைப் பார்க்கமாட்டேன், தந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பேன். பிறவிக் குணம், என்ன செய்ய? இத்தாலியில், பலெர்மோவில், பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு என்று எங்கேயாவது எங்கள் சனம் கூடியிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால், "சி.ஐ.டி. அக்கா வாறா, கதையை மாத்துங்கோ" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். எல்லாரையும் நம்பி வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் போனவர்கள் எந்தெந்தக் காட்டுக்குள் குளிரில் நின்றார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொலிதேயாமா தியேட்டருக்குக் கிட்ட ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், புருஷனை இழந்த ஒரு வயதான இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, வீட்டில் நான் தங்கி வேலை செய்தேன். என் கணவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். கால்சா என்கிற பழைய பகுதியில் ஒரே அறைக்குள் நாலைந்து ஆண்களோடு படுத்து எழும்பினார். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்கு ஓய்வு. தாலி கட்டிப் பிள்ளையும் பெற்ற பிறகு, கடற்கரை வாங்கில் காதலர் மாதிரிச் சந்தித்துக்கொள்கிற குடும்பம் நாங்கள்.

மகள் கொழும்பில் என் அக்காவோடு ஒரு லொட்ஜில் இருந்தாள். நான் விட்டுவிட்டு வரும்போது அவளுக்கு ஒழுங்காகப் பேச்சு வரவில்லை. இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அத்தான் கனடாவில் இருந்ததால் அக்காவுக்கு எந்த நேரமும் விசா வரலாம். அக்கா போய்விட்டால் பிள்ளையை யாரிடம் விடுவது? அதை நினைத்தால் கையிலிருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். அவளைக் கூப்பிடுவதற்கு எங்கள் பெர்மெஸ்ஸோ, அந்த நாட்டில் இருக்கிற அனுமதி, மட்டும் போதாது. குடும்பமாக இருக்க ஒரு இடம் காட்டவேண்டும், நகரசபையிலிருந்து ஆள் வந்து பார்க்கும், சின்னப்பிள்ளை படுக்கிற அறையில் ஈரம் ஊறக்கூடாது, குளிருக்குச் சூடேற வழி இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். கால்சா அறையில் ஈரமும் இருந்தது, ஆண்களும் இருந்தார்கள், சூடு மட்டும்தான் இல்லை.

ஒரு நாள் காலையில் கோப்பி குடித்துக்கொண்டே சிஞ்ஞோரா சொன்னார். அவருடைய இத்தாலியன் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், விழுந்தபடியே சொல்கிறேன். "குசினிக்குப் பின்னாலை இருக்கிற அறை சும்மாதானே கிடக்கு. அதை எடு. உன்ரை மனுசனையும் கூப்பிடு, பிள்ளையையும் கூப்பிடு."

நான் நன்றி சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு யோசித்தேன். இந்த மனுசிக்கு என்ன வேண்டும்?

வியாழக்கிழமை கணவரிடம் சொன்னபோது அவர் வாங்கிலிருந்து எழும்பியே விட்டார். "கடவுள் கண் திறந்திட்டார் பாரும்!"

"கடவுள் திறந்தாரோ, மனுசி திறந்தாவோ? ஏன் தாறா எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாத்தீங்களே?"

"நல்ல மனம், தாறா. உமக்கு ஆர் என்ன செய்தாலும் சந்தேகம்."

"ஓமோம், நல்ல மனம். உவ கட்டிலிலை விழேக்கை காலுக்கை நிண்டு தண்ணி எடுத்துக் குடுக்க ஒரு சின்னப்பிள்ளை தேவை. அதுதான் உந்த நல்ல மனம்."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னோடு வாதாடுவதைவிடக் கடலைப் பார்ப்பது சுகம் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அறைக்குள் உடைந்த கதிரைகளும், சிஞ்ஞோராவின் புருஷன் விட்டுப்போன தூண்டில் தடிகளும், மூக்கு உடைந்த ஒரு அந்தோனியாரும் இருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே ஹீற்றர். இப்போது கடையில் விற்கிற தகரம் மாதிரி இல்லை, தடித்த வார்ப்பிரும்பு, வரிசையாகத் தூண் தூணாக நின்றது. பெயின்ற் பொருக்குப் பொருக்காக உரிந்து, அடியில் துரு பிடித்து, பல வருஷமாகச் சூட்டையே காணாமல் கிடந்தது. "இதைச் சரிப்பண்ணிறது உங்கடை வேலை. நான் ஆளைப் பிடிக்கமாட்டன்" என்றார் சிஞ்ஞோரா. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. ஆகா, இதுதானா விஷயம், ஓசியில் ஒரு ஹீற்றர் திருத்தப் பார்க்கிறா என்று நினைத்தேன். பிறகு படுக்கையில் யோசித்தால் அது போதவில்லை. ஒரு ஹீற்றருக்காக யாரும் ஒரு அறையைத் தரமாட்டார்கள்.

என் கணவர் ஊரில் சங்கக்கடையில் அரிசி நிறுத்தவர். இரும்பு வேலை என்றால் கேற்றுக்குப் பெயின்ற் அடித்ததும் சைக்கிளுக்குச் செயின் போட்டதும்தான். ஆனால் கேட்டால், "இதென்ன பெரிய வேலையே" என்பார். முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பக்கக் குழாயில் ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு நட்டைக் கழற்றினார். உள்ளே எத்தனை வருஷம் கிடந்த தண்ணீரோ, கறுத்த மை மாதிரி நாற்றத்தோடு பீறிட்டு, குசினித் தரையெல்லாம் ஓடி, மாடிப்படி வரைக்கும் போய்விட்டது. நான் கத்தின கத்தலில் கீழேயிருந்து காவல்காரி ஏறி வந்துவிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டடத்தின் வாசலில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து பின்னல் பின்னுவாள். போகிறவர் வருகிறவர் யார், பையில் என்ன, முகத்தில் என்ன எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் சி.ஐ.டி. என்றால் அவள் பொலிஸ்மா அதிபர். வந்த நாள் முதல் அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை, நானும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கறுப்புத் தண்ணீரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு என்ன செய்யிறியள்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கால்சாவிலிருந்து அவருடைய அறைத் தோழர்கள் வந்து, முருகா முருகா என்று ஹீற்றரைக் குசினி பல்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெயின்ற் கடைக்காரன், பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், காயக் காயச் சுரண்டாதே, நனைத்துச் சுரண்டு, வாயைக் கட்டு, தூள் நெஞ்சுக்குள் போனால் விஷம் என்று சொல்லி ஒரு முகமூடியையும் நீட்டினானாம். முகமூடி விற்கச் சொல்கிற கதை என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பிள்ளை படுக்கிற அறை. முகமூடியை அவருக்கு மாட்டி, என் சீலைத் துண்டை எனக்குக் கட்டி, நிலத்தில் பிளாஸ்ரிக் விரித்து, உரிந்ததையெல்லாம் ஈரத்தோடு அள்ளிக் கட்டி எறிந்தேன்.

பெயின்றைக் கரைக்கிற களிம்பைப் பூசிவிட்டுச் சுரண்டச் சுரண்ட, கிறீம் நிறத்துக்குக் கீழே பச்சை வந்தது, பச்சைக்குக் கீழே மண்ணிறம். கம்பிப் பிரஷ் போட்டு அதையும் எடுத்தால் இரும்பிலேயே வார்த்த பூக்கொடி. இத்தனை பூச்சுக்குள்ளே அது மூடிக்கிடந்திருக்கிறது. சத்தம் கேட்டு வந்த சிஞ்ஞோரா பல்கனி வாசலில் நின்று அந்தப் பூவைத் தடவிப் பார்த்தார்.

"நான் சின்னனா இருக்கேக்கை கண்டது. அந்த அறையிலை ஒரு பெட்டை இருந்தவள். மலைப்பக்கத்து ஊரிலையிருந்து எங்களுக்கு வேலை செய்ய வந்தவள். என்னிலும் ஒரு வயது கூட."

அவர் உள்ளே போனதும் நான் கணவரைப் பார்த்தேன். "கேட்டீங்களே? வேலைக்காரப் பெட்டையின்ரை அறை. அதைத்தான் எங்கடை பிள்ளைக்குத் தாறா."

"அது ஐம்பது அறுபது வருசத்துக்கு முந்தினதப்பா."

"அறை அதேதானே?"

கையிலிருந்த கம்பிப் பிரஷை எறிந்துவிட்டுப் போய்விடலாம் போல் இருந்தது. எங்கே போவது? அக்கா தொலைபேசியில், விசாவுக்கு நேர்முகம் முடிந்துவிட்டது, கெதியாக ஏதாவது செய் என்று அழுதிருந்தாள். ஆகவே பிரஷை எடுத்துத் திரும்பவும் தேய்த்தேன். தேய்த்த வேகத்துக்குத் துரு பறந்தது.

ஒரு வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகி மறு வாயால் சேறு போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினோம். காய்ந்ததும் துருவுக்குப் போடுகிற சிவப்புப் பூச்சு. அதற்கு மேலே எங்கள் கேற்றுக்கு அடித்த மாதிரி வெள்ளிப் பெயின்ற் அடிக்கவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். சிஞ்ஞோரா யானைத்தந்த நிறம்தான் என்று முடித்துவிட்டார். தூண்களுக்கு இடையில் விட்டு அடிக்க வளைந்த பிடியுள்ள நீளப் பிரஷ் ஒன்று இருக்கிறது. அவர் அதால் மெல்லிசாக அடித்துக்கொண்டு போக, வழிகிற துளியை நான் விரலில் துணி சுற்றித் துடைத்துக்கொண்டு போவேன். வியாழன் பின்னேரங்களும் ஞாயிறுகளும் அப்படியே போயின. கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்து ஒரு வேலை செய்தது அதுதான். சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லக்கூடாது. அந்தச் சந்தோஷத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

திரும்பப் பொருத்தும்போது குழாய் முறுக்கில் சணல் நார் சுற்றி, பசை பூசி, இறுக்கினார். ஒழுகாது என்றார். நான் பொருத்து ஒவ்வொன்றிலும் ரொய்லெற் பேப்பர் சுற்றிவிட்டு அது நனைகிறதா என்று வேலைக்கு நடுவே போய்ப் போய்ப் பார்த்தேன். நனையவில்லை.

மார்கழி பிறந்ததும் கட்டடத்துக் கொதிகலனை மூட்டினார்கள். சின்னச் சாவியால் மேல் திருகைத் திறக்க, ஹீற்றர் உஸ்ஸென்று காற்றுவிட்டு, இருமி, இரண்டு துளி துப்பியது. பிறகு முதல் தூணில் சூடு வந்தது. அடுத்ததில் வந்தது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். கடைசித் தூணும் சுட்டபோது என் மனுசன் கண்ணைத் துடைத்ததை நான் காணாத மாதிரி இருந்துவிட்டேன். நகரசபை ஆள் மறுநாள் வருவதாக இருந்தது.

நான் ஆட்களைத்தான் நம்பாதவள். சாமியையும் தேசிக்காயையும் நம்புவேன். ஊரில் புதுச் சைக்கிள் வாங்கினாலும் தண்ணீர் மோட்டர் பூட்டினாலும் சந்தனம் குங்குமம் வைத்து, தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தோய்த்து இரண்டு பக்கமும் வைக்காமல் தொடங்குவோமா? அவர் வேலைக்குப் போனபின் நான் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு தூணுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தேன். ஒரு பெரிய மஞ்சள் தேசிக்காயை வெட்டி, குங்குமத்தைத் திணித்துப் பிழிந்து, ஹீற்றரின் இரண்டு பக்கமும் நிலத்தில் வைத்தேன். என்ரை பிள்ளை வந்து சேரவேணும், ஒருவரின் கண்ணும் படக்கூடாது என்று கும்பிட்டேன். வைத்தது குளிர்ந்த இரும்பில் இல்லை என்பதை யோசிக்கவில்லை. சூட்டில் குங்குமம் இளகிப் புதுப் பூச்சில் வழிந்தது, தேசிக்காய்ச் சாறு சிவப்பாக நிலத்தில் ஓடியது.

அந்த நேரம் பார்த்து, ஹீற்றர் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கக் காவல்காரி வந்தாள். அறை வாசலில் நின்றவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்! ஒரு கையால் சிலுவை போட்டாள், மற்றக் கையில் கெட்டதை விரட்டுகிற மாதிரிச் சுண்டுவிரலையும் சுட்டுவிரலையும் நிலத்தைப் பார்த்து நீட்டினாள். சிஞ்ஞோரா தடியை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தார். "ஃபத்தூரா! ஃபத்தூரா!" என்றாள் காவல்காரி. செய்வினை. அந்த ஊரில் தேசிக்காயில் ஆணி குத்தித்தான் ஒருவரைச் சாகடிக்கச் செய்வினை செய்வார்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

சிஞ்ஞோரா தடியால் தேசிக்காயைக் காட்டினார். "நான் செத்தா இந்த வீடு உங்களுக்கு வரும் எண்டு நினைச்சியோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். இரவில் அவர் இருமினால் எழும்பி ஓடுகிறவள் நான். கேட்க வாய் திறந்தால் இத்தாலியன் வரவில்லை, அழுகைதான் வந்தது. கோதாரி பிடித்த பாஷை, தேவையான நேரத்தில் ஒரு சொல்லும் தராது.

"நாளைக்கு ஆள் வந்தா இஞ்சை அறை இல்லை எண்டு சொல்லுவன்" என்றார் சிஞ்ஞோரா. அவ்வளவுதான். ஒரு தேசிக்காயால் என் பிள்ளை போச்சு.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். காவல்காரி சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் இருத்தினாள். ஆழமான ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து அவர் தலைக்கு மேலே பிடித்து, ஏதோ முணுமுணுத்து, விரலால் ஒலிவ் எண்ணெய் தொட்டுத் தொட்டு அதில் விட்டாள். நான் எழும்பிப் போய் வாசலில் நின்று பார்த்தேன். அட, கண் பட்டிருக்கிறதா என்று எங்கள் ஆட்கள் மாதிரி நாவூறு பார்க்கிறாளே! எண்ணெய் குலையாமல் பொட்டுப் பொட்டாக நின்றது. "உங்களிலை ஒண்டும் இல்லை" என்றாள்.

"அப்ப ஆருக்குச் செய்தவள்?" என்று கேட்டுச் சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார்.

நான் என்ன நினைத்தேனோ தெரியாது, நேரே போய் அந்தக் காவல்காரிக்கு முன்னால் முழங்காலில் இருந்து தலையைக் குனிந்தேன். "எனக்கும் பார்" என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு தண்ணீரை மாற்றி, என் தலைக்கு மேலே பிடித்து, அதே முணுமுணுப்பு. கோப்பையைக் கீழே இறக்கியபோது எண்ணெய் முழுவதும் உடைந்து தண்ணீர் மேலெல்லாம் பரவியிருந்தது.

"பெரிய கண் விழுந்திருக்கு இவளிலை. செய்தவள் இவள் இல்லை. இவளுக்குத்தான் ஆரோ செய்திருக்கினம்" என்றாள் காவல்காரி.

சிஞ்ஞோரா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அதுக்கோ அந்தத் தேசிக்காய்?"

"ஓம். கண் படாமல். பிள்ளை வரவேணும்" என்றேன். அந்த அளவுக்கு இத்தாலியன் வந்தது.

"இதை முதலே சொல்லத் தெரியாதோ உனக்கு, விசரி" என்று சிஞ்ஞோராவும் அழுதார். எங்கள் இரண்டு பேரின் மூக்கையும் பார்க்கப் பொறுக்காமல் காவல்காரி கைலேஞ்சி எடுத்து மேசையில் வைத்தாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எண்ணெய் விடும்போது நான் முழுக்கத் தலை குனியவில்லை, கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுடைய பெருவிரல் கோப்பை விளிம்பைத் தாண்டி உள்ளே ஒருமுறை ஓடித் திரும்பியதைக் கண்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஏன் செய்தாள்? எனக்கும் அவளுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இல்லை. பிறகும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. இன்றுவரை அதற்கு ஒரு காரணம் பிடிபடவில்லை.

குங்குமக் கறை புதுப் பூச்சைவிட்டுப் போகவில்லை. அன்று பின்னேரம் கணவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடிவந்து, குழாயைப் பூட்டி, இரும்பு ஆறும்வரை விசிறி, திரும்பவும் மெல்லிசாக ஒரு கை அடித்தார். என்னை ஏச வாய் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சிஞ்ஞோரா தன் பங்குக்கு, அங்கே கண் படாமல் கட்டுகிற சிவப்புக் கொம்பு ஒன்றைக் குழாயில் நூலால் கட்டிவிட்டார். மறுநாள் வந்த நகரசபை ஆள் சுவரைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், ஹீற்றரில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு உதறினார், சரி என்றார். இவ்வளவு கெதியில் ஒருவர் சரி என்று சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று நான் கடிதம் வரும்வரை நித்திரை கொள்ளவில்லை.

மாசியில் மகள் வந்தாள். தெரிந்த ஒரு குடும்பம் கூட்டிவந்தது. விமான நிலையத்தில் நான் கட்டிப் பிடித்தபோது தடி மாதிரி நின்றாள். கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை. அறைக்குள் வந்து கட்டில் விளிம்பில் நிமிர்ந்து இருந்தாள், பையை மடியிலிருந்து இறக்கவில்லை. சூடாக இருக்கிறதா, இது அப்பா உனக்காகத் திருத்தினது என்றேன். தலையாட்டினாள். சிஞ்ஞோரா தோடம்பழம் ஒன்றைத் தன் கையாலேயே உரித்து, விதை எடுத்து, சுளை சுளையாகக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை அதை வாங்கி, ஒன்றை மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள்.

பின்னேரம் கொழும்புக்குப் போன் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் வசதியாகப் பேசட்டும் என்று குசினிக்குள் போனேன். போனேன் என்று சொல்வதுதான். கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

"ஓம் பெரியம்மா, வந்திட்டன்… சாப்பிட்டனான்… ஓம், நல்ல சூடு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பெரியம்மா, இவதான் அம்மா எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?… இல்லை, படத்திலை இருக்கிற மாதிரித்தான் இருக்கிறா. எண்டாலும் படத்தை ஆரும் வைச்சிருக்கலாம்தானே?"

அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிள்ளை ம், ம் என்று கேட்டாள். "சரி" என்று போனை வைத்தாள். திரும்பியவள் கதவிடுக்கில் என்னைக் கண்டுவிட்டாள். உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். நான்தான் அம்மா என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.